எங்கள் குழாய்க்கு மேலே இருக்கும் ஊர்கள்

திருகோணமலை நகரத்தில் குழாயைத் திறந்தால் விழுவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். குளக்கோட்டன் கட்டிய குளம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதன் அணை உடைந்து ஊர்களை அடித்துக்கொண்டு போனதை என் வயதுக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். ஆனால் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "மழைதான்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. மழையும் உண்டு. மழைக்கு அப்பால் ஒரு நீண்ட வழியும் உண்டு. நான் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வுகூடங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்த வழியை நினைக்காமல் என்னால் ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் எடுக்க முடிவதில்லை.

கண்டிக்குக் கீழே பொல்கொல்லையில் மகாவலியின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. 1976இல் இயங்கத் தொடங்கியது. அங்கே ஆற்றுத் தண்ணீரில் ஒரு பகுதி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்துக்குள் திருப்பப்பட்டு, மலைக்கு மறுபக்கம் உக்குவளை மின்நிலையத்தில் வெளியே வருகிறது. பிறகு சுது கங்கை, அம்பன் கங்கை, போவத்தன்ன நீர்த்தேக்கம், எலஹெர அணைக்கட்டு. எலஹெரவிலிருந்து கால்வாய் வழியே மின்னேரியா, கவுடுல்ல, கடைசியில் கந்தளாய். குளம் தன் சொந்த நீரேந்து பரப்பின் மழையோடு இந்தத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு எங்களுக்குத் தருகிறது.

சுரங்கத்துக்குள் திரும்பாத தண்ணீரும் எங்களை விட்டு எங்கும் போய்விடுவதில்லை. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு, மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஒரு கிளை வெருகலில் கடலைச் சேர்கிறது. ஆக, மலைநாட்டு ஆற்றின் ஒரு கை எங்கள் குடத்துக்குள் வருகிறது, இன்னொரு கை எங்கள் மீன்பாட்டுக்குள் வருகிறது. பொல்கொல்லைக்கு மேலே நுவரெலியா இருக்கிறது, நாவலப்பிட்டி இருக்கிறது, கம்பளை, பேராதனை, கண்டி எல்லாம் இருக்கின்றன. அங்கே ஒரு வீட்டு மலசலகூடத்தில் ஊற்றப்படும் வாளித் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி, அந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு எனக்கும் சொந்தம்.

என் மாமா ஒருவர் கண்டியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினார். பாடசாலை விடுமுறைக்கு எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள். ஏரியைச் சுற்றி நடப்பது எங்களுக்குத் திருவிழா. ஏரி வழிந்து போகும் ஓடைப் பக்கம் போகவேண்டாம், நாறும் என்று மாமி சொல்வார். அந்த ஓடையின் பெயர் மெத எல. நகரத்தின் நடுவே ஓடி, கடைகளும் வீடுகளும் உணவகங்களும் விட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு மகாவலியில் சேர்கிறது. சேரும் இடம் பொல்கொல்லைக்கு மேலே. அந்த நாற்றத்துக்கும் திருகோணமலையில் எங்கள் அம்மா தண்ணீர் கொதிக்கவைக்கும் பானைக்கும் தொடர்பு இருக்கிறது என்று அந்த வயதில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெரியவர்களுக்கும் தெரிந்திருக்காது.

1999இல் கண்டி ஏரி பச்சைப் பாசி பொங்கி மூடிக்கொண்டது. 2007இல் கம்பளையில் குடிதண்ணீர் வழியாக ஈரல் அழற்சி பரவிப் பலர் மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள். இரண்டும் பத்திரிகையில் வந்தன. இரண்டையும் நாங்கள் வேறு மாகாணத்துச் செய்தியாகத்தான் வாசித்தோம்.

பிறகு ஜப்பானியக் கடனுதவியோடு கண்டி நகரத்துக்கென்று கன்னொருவையில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாயசம் வைத்தேன். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. "அம்மா, கண்டிக்காரர்களுக்குக் கிடைத்ததற்கு நீங்கள் ஏன் பாயசம் வைக்கிறீர்கள்?" என்று மகள் கேட்டாள். வரைபடத்தை விரித்து விரலால் வழியைக் காட்டினேன்.

இப்படி ஒரு நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ மருந்து ஊற்றி அழுக்கைப் போக்குகிறார்கள் என்பது பொதுவான எண்ணம். நான் இளம் வயதில் தென்மேற்குக் கரையில் ஒரு நிலையத்தில் பயிற்சிக்காக இருந்தேன். அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஒரு முதியவர் எனக்குக் கற்றுத்தந்ததைத்தான் இன்றும் எல்லோருக்கும் சொல்கிறேன். அவர் சிங்களவர். என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே அவர் சொன்னது: "மகள், இது பண்ணை. நாங்கள் இங்கே உயிர்களை வளர்க்கிறோம். அவற்றுக்குச் சாப்பாடு தானாக வருகிறது. மூச்சுக்காற்று கொடுப்பதுதான் எங்கள் வேலை."

அதுதான் முழுக் கதையும். வரும் கழிவுநீரில் துணி, பொலித்தீன், மணல் எல்லாம் முதலில் கம்பிவலையிலும் மணல் தொட்டியிலும் பிடிபடும். பிறகு காற்றூட்டும் தொட்டி. அங்கே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் கழிவைத் தின்று பெருகுகின்றன. அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். அடுத்த தொட்டியில் எல்லாம் அமைதியாக நிற்கும்போது பற்றீரியாத் திரள்கள் சேறாக அடியில் படியும், மேலே தெளிந்த நீர் வழியும். படிந்த சேற்றில் பெரும்பகுதியை மறுபடியும் முதல் தொட்டிக்கே அனுப்புவார்கள். இந்தத் திருப்பி அனுப்புதல்தான் சூட்சுமம். 1914இல் மான்செஸ்டரில் ஆடர்ன், லொக்கெட் என்ற இருவர், சேற்றை எறியாமல் வைத்துக்கொண்டு அடுத்த கழிவுநீரை அதன்மேல் ஊற்றிக் காற்றூட்டிப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் நடந்த சுத்திகரிப்பு மணிக்கணக்கில் நடந்தது. உலகத்தின் பெரும்பாலான நகரங்கள் இன்றும் அந்த வழியிலேயே தங்கள் ஆறுகளைக் காப்பாற்றுகின்றன.

நல்ல சேறு கபில நிறமாக இருக்கும். மழை பெய்த மண்ணின் வாசனை வரும். கறுத்து, அழுகிய முட்டை மணம் வந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள். அந்த முதியவர் தொட்டிக்கு அருகே வரும்போதே மூக்கால் நோயைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு ஒரு லீற்றர் அளவுசாடியில் சேற்றுநீரை எடுத்து அரை மணிநேரம் ஆடாமல் வைப்பார். எவ்வளவு உயரத்துக்குப் படிகிறது, மேலே தண்ணீர் எவ்வளவு தெளிகிறது என்று பார்ப்பார். பிறகு என்னை நுணுக்குக்காட்டிக்கு அனுப்புவார். அங்கே வோர்ட்டிசெல்லா என்ற உயிரி தெரியும். கவிழ்த்த மணி போன்ற மலர் ஒன்று காம்பில் நின்று சுருங்கிச் சுருங்கி விரிவதைப்போல அது அசையும். அது நிறைய இருந்தால் நிலையம் நலம். அதைக் காணாத நாளில் மேலே எங்கேயோ யாரோ எண்ணெயோ அமிலமோ ஊற்றியிருக்கிறார்கள் என்று அவர் உடனே வாகனத்தை அனுப்பித் தேடச்சொல்வார். நான் பார்த்த மனிதர்களுள், தாம் விடும் தண்ணீர் யாருக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டே வேலை செய்தவர் அவர்.

இத்தகைய நிலையத்தின் மின்சாரச் செலவில் ஏறத்தாழப் பாதி அந்தக் காற்றூட்டலுக்கே போகிறது. 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு வந்தபோது எல்லோரும் மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் பற்றிக் கவலைப்பட்டார்கள். எனக்கு நித்திரை வராததற்குக் காரணம் அந்தப் பண்ணைகள். ஊதியந்திரம் நின்றால் சில மணிநேரத்தில் உயிர்கள் மூச்சுத் திணறத் தொடங்கும். செத்த சேற்றை மறுபடி வளர்த்தெடுக்க நாட்கள் ஆகும். இடைப்பட்ட நேரத்தில் வரும் கழிவு ஆற்றுக்குத்தான் போகும். மின்பிறப்பாக்கிக்கு டீசல் ஒதுக்கும் பட்டியலில் மருத்துவமனைக்கு அடுத்ததாகக் கழிவுநீர் நிலையம் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆற்றுக்கு என்ன கெடுதி என்பதை இன்னும் நெருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்நாள் வேலை அதை அளப்பதுதான். மீன் மூச்சுவிடுவது தண்ணீரில் கரைந்த ஒட்சிசனால். எங்கள் ஊர் வெப்பத்தில், 28 பாகை செல்சியசில், சுத்தமான நன்னீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் தாங்கும். 10 பாகைத் தண்ணீரில் 11 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும். குளிர்நாட்டு ஆறு பணக்கார ஆறு. நம்முடையது பிறக்கும்போதே கைப்பிடிக் காசோடு பிறக்கிறது. ஒரு மனிதர் ஒரு நாளில் விடும் கழிவை பற்றீரியாக்கள் ஐந்து நாட்களில் தின்ன ஏறத்தாழ 60 கிராம் ஒட்சிசன் வேண்டும் என்பது பொறியியலாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. கணக்குப்போட்டுப் பாருங்கள். ஒருவரின் ஒரு நாள் கழிவு ஏறத்தாழ 8,000 லீற்றர் தண்ணீரின் முழு ஒட்சிசனையும் உறிஞ்சிவிடும். ஒரு இலட்சம் பேர் வாழும் நகரம் என்றால் நாளுக்கு 6,000 கிலோகிராம் ஒட்சிசன்.

ஆய்வுகூடத்தில் இதை அளக்கும் முறை விங்க்லர் என்பவர் 1888இல் கண்டுபிடித்தது. குமிழி ஒன்றும் அகப்படாமல் கண்ணாடிப் போத்தலை நிரப்பவேண்டும். மங்கனீசு சல்பேற்றும் காரமுள்ள அயடைட்டும் விட்டு மூடிக் கவிழ்த்தால் உள்ளே ஒரு மேகம் இறங்கும். ஒட்சிசன் இருந்தால் அது கபிலம். ஒட்சிசன் இல்லாவிட்டால் வெள்ளை. நகரத்தின் ஒரு வடிகான் உட்துறைமுகத்தைச் சேரும் இடத்தில் எடுத்த மாதிரியில் அந்த மேகம் பாலாக இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வேலை கற்க வந்திருந்த பிள்ளை ஒன்று, "மிஸ், ஏன் நிறம் வரவில்லை?" என்று கேட்டாள். நிறம் வர அங்கே எதுவும் இருக்கவில்லை. அந்தத் தண்ணீரில் ஒரு மீன்குஞ்சு ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. அதன் மேற்பரப்பு பார்வைக்கு அப்படி ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இன்னொன்று. கழிவுக் குழாய் ஆற்றில் விழும் இடத்தில் மீன் கூடிநிற்பதைக் காட்டி, "பாருங்கள் அக்கா, மீனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். மீன் அங்கே வருவது இரைக்கு. ஒட்சிசன் மிகக் குறையும் இடம் குழாய்வாய் அல்ல. பற்றீரியாக்கள் பெருகி முழுப்பசியோடு தின்னத் தொடங்குவதற்குள் தண்ணீர் கீழே போய்விடுகிறது. மிக மோசமான இடம் ஆற்றோட்டத்தைப் பொறுத்துச் சில கிலோமீற்றரோ பல கிலோமீற்றரோ கீழே இருக்கும். 1925இல் ஒகையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் இதைச் சமன்பாடாகவே எழுதி வைத்தார்கள். கழிவை விட்டவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வேறு ஊரவர் குளிக்கும் துறையில், மீன் செத்து மிதக்கும். ஆற்றுக் கேட்டின் அநியாயமே இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

சட்டம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008இல் வர்த்தமானியில் வந்த நியமத்தின்படி, உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரின் ஐந்து நாள் ஒட்சிசன் கேள்வி, அதாவது அதிலுள்ள கழிவைத் தின்னப் பற்றீரியாக்களுக்கு ஐந்து நாட்களில் வேண்டிய ஒட்சிசன், லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சுத்திகரிக்காத நகரக் கழிவுநீரில் அது 200இலிருந்து 300வரை இருக்கும். ஒழுங்காக நடக்கும் நிலையம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைத்துவிடும். இதை நான் சிறிய விடயமாக நினைக்கவில்லை. ஆறு உயிரோடு இருப்பதற்கும் சாவதற்கும் இடையிலான வித்தியாசம் அந்த எண்தான். தேம்ஸ் ஆற்றின் லண்டன் பகுதியை 1957இல் உயிரற்றது என்று அறிவித்தார்கள். சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்திக் கட்டிய பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் அங்கே திரும்பி வந்தன. கடல்நாய்களும் வருகின்றன.

ஆனால் அந்த ஐந்து நாள் அளவுகோல் எங்கள் ஆற்றுக்குப் போதாது என்று நான் நம்புகிறேன். அந்த அளவுகோல் பிரித்தானியாவில் கழிவுநீரை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவிலிருந்து வந்தது. அங்கே ஆற்றுநீர் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் எடுக்காது என்பதால்தான் அந்த எண் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். மகாவலித் தண்ணீர் அப்படியா? அது பொல்கொல்லையில் நிற்கிறது, போவத்தன்னவில் நிற்கிறது, மின்னேரியாவில் நிற்கிறது, கந்தளாயில் நிற்கிறது. வெயிலில் வாரங்களாக, மாதங்களாக நிற்கிறது. இதில் நன்மையும் இருக்கிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பங்கு அந்த வழியில் வெயிலாலும் காலத்தாலும் செத்துவிடும், சேறு படிந்துவிடும். பயப்படுத்துவதற்காக நான் எழுதவில்லை. கந்தளாயில் படிகாரம் இட்டுப் படியவைத்து, வடிகட்டி, குளோரின் சேர்த்துத்தான் எங்களுக்கு அனுப்புகிறார்கள்.

சாகாமல் வருபவை நைதரசனும் பொசுபரசும். பற்றீரியா தின்றாலும் இவை மறைவதில்லை. சாதாரண நிலையம் இவற்றில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். மீதியை எடுக்க ஒட்சிசன் இல்லாத தனித்தொட்டிகள் வேண்டும், மேலதிகச் செலவு வேண்டும். நகரக் கழிவுநீரில் லீற்றருக்கு 5இலிருந்து 10 மில்லிகிராம்வரை பொசுபரசு இருக்கும். நிற்கும் குளம் ஒன்று பச்சையாக மாற 0.1 மில்லிகிராம்கூட அதிகம். வயலுக்குப் போடும் பசளையும் இதே குளங்களில்தான் வந்து சேர்கிறது. வெப்பநாட்டில், குளத்திலிருந்து குளத்துக்கு இறங்கும் தண்ணீருக்கு, ஓடிக் கடலில் விழும் குளிர்நாட்டு ஆற்றின் சட்டையைத் தைத்துப் போட்டால் அளவு சரிவராது. மேலே கட்டப்படும் ஒவ்வொரு புதிய நிலையமும் பொசுபரசை எடுக்கும் ஏற்பாட்டோடு கட்டப்படவேண்டும் என்று கேட்கும் உரிமை குளத்துக்குக் கீழே குடிப்பவர்களுக்கு இருக்கிறது. கிழக்கிலிருந்து அந்தக் குரல் இதுவரை போதிய அளவு எழவில்லை. எழவேண்டும்.

மேலே இருப்பவர்களிடம் இதைக் கேட்கும்போது எங்கள் கை எப்படி இருக்கிறது?

இலங்கை முழுவதிலும் குழாய்க் கழிவுநீர் வலையமைப்போடு இணைந்தவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 2 பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் மலக்குழியை நம்பி வாழ்கிறோம். அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கமெல்லாம் மணல். சில அடி தோண்டினால் தண்ணீர். வீட்டின் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் அடியில்லாத குழி. காணி பங்குபிரிந்து பங்குபிரிந்து, என் பிள்ளைக் காலத்தில் ஒரு வீடு நின்ற வளவில் இன்று மூன்று வீடுகள், மூன்று குழிகள். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இருக்கவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வது வழக்கம். அயல்வீட்டுக் குழியையும் சேர்த்து அளந்தால் எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளுக்கு அது கிடைக்காது. 2004 சுனாமிக்குப் பிறகும், 2011 சனவரி வெள்ளத்திலும், குழியும் கிணறும் ஒரே தண்ணீராக நின்றதை இங்குள்ளவர்கள் கண்ணால் பார்த்தோம். மற்ற நாட்களில் அதே கலப்பு மண்ணுக்குக் கீழே மெதுவாக நடக்கிறது.

கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். கழிவின் நைதரசன் மண்ணுக்குள் மாறி உண்டாகும் நைத்திரேற்றைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. தண்ணீர் ஆவியாகப் போகப்போக அது செறிவடையும். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்கு வைத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலான தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும், உதடு நீலமாகும். பச்சைக் குழந்தை இருக்கும் வீடுகளில் இதை நான் வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: குழந்தைக்குக் குழாய்த் தண்ணீர் மட்டும், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

"துறைமுகம் எவ்வளவு ஆழம், கடல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. துறைமுகம் ஆழம்தான், உலகம் அறிந்தது. ஆனால் எங்கள் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. உள்மூலைகளில் தண்ணீர் மாறுவதற்கு நாள் எடுக்கும். தம்பலகாமக் குடா ஆழமற்றது. கிண்ணியாப் பக்கம் பெண்கள் குனிந்து மட்டி பொறுக்கும் தண்ணீர் அது. மட்டி நாள்முழுவதும் தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. தண்ணீரில் சிறிதளவே இருக்கும் கிருமி அதன் சதையில் பல மடங்காகச் சேர்ந்துவிடும். மட்டி பொறுக்கும் குடும்பங்களின் சாப்பாட்டையும் வருமானத்தையும் ஒன்றாகக் கெடுக்கும் தண்ணீரை விடுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

வடகரையில் ஒரு விடுதியின் பின்புறம், மணலுக்குள் புதைத்த குழாய் ஒன்று கடலை நோக்கிப் போவதை நான் பார்த்தேன். காலையில் பிள்ளைகள் அதன் ஓரத்தில் சிப்பி பொறுக்கினார்கள். முகாமையாளரிடம் போய்ப் பேசினேன். அது குளியலறைத் தண்ணீர் மட்டும் என்றார். மணத்தை எனக்குச் சொல்லித்தரவேண்டிய அவசியம் இல்லை. சுற்றுலாக் காலம் இங்கே ஏப்ரலிலிருந்து செப்டெம்பர்வரை. அதுதான் எங்கள் வறட்சிக் காலமும். ஓடைகள் வற்றி, களப்பு வாய் மணலால் மூடி, கலந்து கரைக்கத் தண்ணீர் இல்லாத அந்த மாதங்களில்தான் கழிவு மிக அதிகம். சிறிய விடுதிகள் நாலைந்து சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்புத் தொட்டி கட்டலாம். தெளிந்த நீரைத் தென்னைக்கு விடலாம். சிலர் தனியாகச் செய்தும் இருக்கிறார்கள், தோட்டம் செழித்திருக்கிறது.

எங்கள் நகரத்துக்கு எது முதலில் வேண்டும் என்று என்னிடம் கேட்டால், பெரிய குழாய் வலையமைப்பு என்று சொல்லமாட்டேன். தாழ்ந்த மணல்நிலத்தில் வீதிக்கு வீதி தோண்டி, சரிவு போதாத இடங்களில் எல்லாம் நீரேற்றிகள் வைத்து, அதை மின்வெட்டுக்குள் நடத்துவது நீண்டகாலக் கனவு. அது வரும்வரை குழிகள் இருக்கப்போகின்றன. குழிகளில் சேறு நிரம்பும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை எடுக்கவேண்டும். எடுக்கும் பவுசர் அதைக் கொண்டுபோய் ஒழுங்காகக் கொட்ட ஓர் இடம் வேண்டும். குழிச் சேறு சாதாரணக் கழிவுநீரைவிடப் பத்து மடங்கு, சிலவேளை நூறு மடங்கு செறிவானது. ஒரு பவுசர் இரவில் ஒரு களப்போரப் பற்றைக்குள் வால்வைத் திறந்தால், அது ஒரு சிற்றூரின் அன்றைய கழிவை அங்கே கொட்டியதற்குச் சமம். அப்படிக் கொட்டிய ஈரத்தடத்தை விடிகாலை நடையில் நான் கண்டிருக்கிறேன். சாரதியைத் திட்டி என்ன பயன்? கொட்ட இடம் தராமல் குழியை மட்டும் வெறுமையாக்கச் சொல்கிறோம். உலரவைக்கும் மணற்படுக்கைகள், வடியும் நீருக்குத் தொடர்குளங்கள், நாணலும் சம்பும் நட்ட ஓர் ஈரநிலம். இவ்வளவு போதும். எங்கள் வெயில் இதற்கென்றே படைத்த வெயில். மின்சாரம் அதிகம் வேண்டாம், திறமையான மூன்று நான்கு பேர் வேண்டும், அவர்களுக்கு மரியாதையான சம்பளம் வேண்டும். நகரத்தின் குழிகளுக்கு எல்லாம் ஒரு அட்டவணை வைத்து, கட்டணத்தைச் சிறிது சிறிதாக மாத வரியோடு சேர்த்துவிட்டால், குழி வழியும்வரை யாரும் பணம் இல்லை என்று பார்த்திருக்கமாட்டார்கள்.

இதை ஒரு மனுவாக எழுதியிருக்கிறேன். கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கூடவே மனுவோடு வைக்க எங்கள் சொந்தத் தரவும் வேண்டும் என்பதால், ஒரு பாடசாலை விஞ்ஞான ஆசிரியையும் நானும் சேர்ந்து, வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒருமுறையும் மழை பிடித்த பின் ஒருமுறையும் அலஸ்தோட்டம், உப்புவெளிக் கிணறுகளைப் பரிசோதிக்கப்போகிறோம். ஐதரசன் சல்பைட்டுச் சோதனைப் போத்தல்களை நாங்கள் கிருமிநீக்கித் தருவோம். தண்ணீரைக் குறித்த கோடுவரை நிரப்பி, வெயில் படாமல் வீட்டுக்குள் இரண்டு நாட்கள் வைத்தால் போதும், எங்கள் ஊர் வெப்பமே அதற்குப் போதிய சூடு. உள்ளே கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கக்கூடும் என்று பொருள். கறுத்த வீடுகளின் தண்ணீரை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே முறையான ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம்.

போத்தலை நிரப்பும்போது வாயையோ மூடியின் உட்பக்கத்தையோ விரலால் தொடவேண்டாம். வாளியைக் கழுவி, முதல் இரண்டு வாளித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு மூன்றாவதில் எடுங்கள். கிணற்றில் குளோரின் போட்டிருந்தால் ஒரு வாரம் கழித்து எடுங்கள். ஒரு தாளில் கிணற்றின் ஆழம், குழி கட்டிய ஆண்டு, அதைக் கடைசியாக எப்போது வெறுமையாக்கினீர்கள் என்பவற்றை எழுதுங்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். வேலிக்கு அந்தப் பக்கத்துக் குழியையும் கேட்டு அளக்கவேண்டும், அந்த வீட்டாரையும் ஒரு போத்தலோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.